கடலும் தொகுதி எல்லையும்: தீவகத்தில இருந்து கடிதம் எழுதின அனுபவம்

2024 நவம்பர் பொதுத் தேர்தலில யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 6 எம்பி. 2020ல 7, 2010ல 9. ஏன் குறையுது எண்டு ஆரைக் கேட்டாலும் "சனமெல்லாம் வெளிநாடு போட்டுது, வேற என்ன" எண்டுதான் சொல்லுவினம். 2010க்குப் பிறகு வாக்காளர் இடாப்பைத் திருத்தினதில பெரிய தொகை குறைஞ்சது உண்மைதான். ஆனா 2020ல பதிஞ்ச வாக்காளர் 571,848, 2024ல 593,187. ஆக்கள் கூடியிருக்கினம், ஆசனம் ஒண்டு குறைஞ்சிருக்கு. எப்பிடியெண்டா, நாடு முழுக்கப் பதிஞ்ச தொகையை 160 ஆல பிரிச்சுத்தான் ஒரு ஆசனத்துக்கு எத்தினை பேர் எண்டு பாக்கிறவை, 2024ல நாட்டுத் தொகை 17,140,354, பிரிச்சா ஒரு லட்சத்து ஏழாயிரம் சொச்சம் வரும். எங்கட தொகைக்கு அஞ்சு முழுசா வந்து அரைக்குக் கொஞ்சம் கூட மிச்சம் நிண்டது, அந்த மிச்சம் மற்ற மாவட்டங்களின்ர மிச்சத்தோட போட்டி போட்டுத் தோத்துப்போச்சு. ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனியாக் குடுக்கிற நாலு ஆசனத்தில வடக்கின்ரயில மூண்டு வன்னித் தேர்தல் மாவட்டத்துக்குப் போகும், ஒண்டு எங்களுக்கு. அஞ்சும் ஒண்டும் ஆறு.

இதை முதலே சொல்லுறதுக்குக் காரணம் இருக்கு. எல்லை, தொகுதி, ஆசனம் எண்டு வந்தா எங்கட ஆக்கள் நல்லாச் சண்டை பிடிப்பினம், இலக்கத்தை எடுத்துப் பாக்கிற ஆக்கள் குறைவு. கோடு கீறுற இடத்தில இலக்கம்தான் கதைக்கும். 2017ல மாகாண சபைக்குத் தொகுதி பிரிக்கிறம் எண்டு எல்லை நிர்ணயக் குழு போட்ட நேரம் எங்கட ஊர்ச் சங்கத்தில இருந்து கடிதம் தயாரிச்சு அனுப்பினனாங்கள், அந்த வேலையில படிச்சதை எழுதி வைக்கோணும் எண்டு கன நாளா யோசிச்சுக்கொண்டு இருந்தனான். நான் யாழ்ப்பாணத்துக்கு மேற்கால கிடக்கிற தீவகத்தில வேலணை ஊர், வீட்டு பிளான் கீறுற வேலை, அதால மப் வாசிக்கத் தெரியும் எண்டு என்னையும் இதுக்குள்ள இழுத்தவை.

பின்னணி கொஞ்சம். 1947ல குடாநாட்டில ஏழு தொகுதி: ஊர்காவற்றுறை, வட்டுக்கோட்டை, காங்கேசன்துறை, யாழ்ப்பாணம், கோப்பாய், பருத்தித்துறை, சாவகச்சேரி. 1960 தேர்தலோட உடுவில், நல்லூர், உடுப்பிட்டி, கிளிநொச்சி சேந்துது. பேந்து 1976 எல்லை நிர்ணயத்தில உடுவில் போய் மானிப்பாய் வந்துது. தொகுதிக்கு ஒரு எம்பி எண்டு கடைசியாத் தெரிவு செய்தது 1977ல, 1989ல இருந்து விகிதாசாரமும் விருப்பு வாக்கும்தான். ஆனா 76ல கீறின கோடு சாகேல்லை. இண்டைக்கும் மத்திய கல்லூரியில வாக்கு எண்ணி முடிய "ஊர்காவற்றுறைத் தேர்தல் தொகுதி முடிவு" எண்டு றேடியோவில வாசிக்கிறது அந்தக் கோட்டை வச்சுத்தான். 1984ல கிளிநொச்சி தனி நிர்வாக மாவட்டமாப் போனது, தேர்தலுக்கு எண்டு வந்தா இண்டைக்கும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள்ளதான்.

அந்தக் கோடு கீறின காலத்தில தீவகம் நிறையச் சனம். 1990, 91 இடம்பெயர்வோட வெறிச்சுப்போன ஊர்களில பாதிச் சனம் திரும்பி வரேல்லை. வீடு கிடக்கு, கிணறு கிடக்கு, வடலி வளந்து முற்றம் மூடிக் கிடக்கு, ஆக்கள் கொழும்பிலயும் பரிசிலயும் ரொறன்ரோவிலயும். இப்ப 11 தொகுதியிலயும் வாக்காளர் குறைஞ்சது ஊர்காவற்றுறைதான். சனத்தொகையை மட்டும் வச்சுப் புதுசாக் கோடு கீற வெளிக்கிட்டா முதலில காணாமல் போறது எங்கட தொகுதி. தீவெல்லாத்தையும் நகரத்தோட ஒட்டி விட்டிட்டா, நெடுந்தீவில இருக்கிற ஒருத்தருக்காகக் கதைக்கிற ஆள் பண்ணைப் பாலத்துக்கு அங்கால இருந்துதான் வருவார், அங்கதான் வோட்டு கூட. இந்தப் பயத்திலதான் நாங்கள் அந்தக் கடிதத்துக்கே வெளிக்கிட்டது, அந்தப் பயம் இப்பவும் எனக்கு இருக்கு.

2017 செப்ரெம்பரில சட்டம் வந்தது, மாகாண சபையில பாதிப் பேர் தொகுதியால, மற்றப் பாதி விகிதாசாரத்தால எண்டு. குழுவுக்கு முன்னாள் நில அளவையாளர் நாயகம் க. தவலிங்கம் தலைவர். நாலு மாசத்தில அறிக்கை குடுக்கோணும், அதுக்குள்ள பொதுசனம் கருத்து அனுப்ப விட்ட காலம் சில கிழமைதான். பேப்பரில அறிவித்தல் வந்ததை எங்கட ஊரில பாத்தது ஓய்வுபெற்ற ஒரு மாஸ்டர் மட்டும். அவர் அதை வெட்டி வாசிகசாலை போர்ட்டில ஒட்டினவர், ரெண்டு நாளா ஒருத்தரும் ஏறெடுத்தும் பாக்கேல்லை, மூண்டாம் நாள் அவர் வீடு வீடா வந்து "தம்பி, இதைத் தேர்தல் வந்த பிறகு கதைச்சுப் பிரயோசனமில்லை, இப்ப கதைச்சாத்தான் உண்டு" எண்டு கூட்டிக்கொண்டு போனவர். அதுதான் நான் படிச்ச முதல் விசயம். அறிவித்தல் சின்னனா வரும், காலம் குறைவா இருக்கும், கட்சிக்காரருக்கு அது தெரிஞ்சிருக்கும், சனத்துக்குத் தெரியாது. ஊரில ஒராளாவது வர்த்தமானியையும் பேப்பர் அறிவித்தலையும் பாக்கிற பழக்கம் வச்சிருக்கோணும். இப்ப வட்ஸ்அப் குறூப் இல்லாத ஊரில்லை, திருவிழா நோட்டீஸ் போடுற குறூப்பில இதையும் போட்டு விடலாம்.

பின்னேரம் வாசிகசாலை மேசையில நில அளவைத் திணைக்களத்தின்ர மப் ஷீற்றை விரிச்சனாங்கள். சுருட்டி வச்ச தாள், விரிக்க விரிக்கச் சுருளுது, நாலு மூலைக்கும் கரம் காயை அடுக்கி வச்சுத்தான் நிப்பாட்டினது. எல்லாரும் குனிஞ்சு தங்கட வளவைத் தேடுறதிலயே கொஞ்ச நேரம் போச்சு. அதில ஒரு ஐயா, முந்தி வள்ளம் ஓட்டினவர், போட் வெளிக்கிடுற குறிகட்டுவான் துறையில விரலை வச்சு நெடுந்தீவு மட்டும் இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னார், "இதில எல்லாம் ஒரே நீலமாக் கிடக்கு. காத்து எழும்பின காலத்தில இந்த நீலத்தில போக ஏலாது எண்டு இதில எங்கை எழுதிக்கிடக்கு?" ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. மாஸ்டர்தான் "அதை நாங்கள்தான் எழுதோணும் அண்ணை" எண்டு சொல்லிக் கொப்பியை எடுத்தவர்.

அதுக்குப் பிறகுதான் கடிதத்துக்கு ஒரு வழி பிறந்தது. எந்தத் துறையில இருந்து எந்தத் துறைக்குப் போட்டு எவ்வளவு நேரம், கடைசிப் போட் எத்தினை மணிக்கு, கடைசி பஸ் எத்தினை மணிக்கு, கடல் மறிச்சா அந்தச் சனம் என்ன செய்யிறது எண்டு ஒவ்வொண்டா எழுதினனாங்கள். நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானில இருந்து காத்து நல்லா இருந்தாலே ஒரு மணித்தியாலமளவில. அனலைதீவு, எழுவைதீவு ஆக்களின்ர பயணம் வேற மாதிரி. நயினாதீவு கிட்டத்தான், ஆனா அதுவும் கடல்தான். புங்குடுதீவுக்கும் வேலணைக்கும் தாம்போதி இருக்கு, வேலணைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பண்ணைப் பாதை இருக்கு, அதால மப்பில எல்லாம் ஒட்டிக்கிடக்கிற மாதிரித் தெரியும். கொழும்பில மேசையில இருந்து பாக்கிற ஆளுக்கு ரோட்டுக்கும் போட்டுக்கும் வித்தியாசம் தெரியாது, அவரில பிழை சொல்லவும் ஏலாது, நாங்கள் சொன்னாத்தானே தெரியும்.

அடுத்தது, எல்லை எண்டு சொன்னா எந்த எல்லை எண்ட பிரச்சினை. ஒரு வளவுக்கு மேலால குறைஞ்சது நாலு கோடு போகுது. ஜீஎஸ் பிரிவு, அதாவது விதானையாரின்ர கிராம சேவகர் பிரிவு ஒண்டு, டீஎஸ் பிரிவு எண்ட பிரதேச செயலகப் பிரிவு ஒண்டு, உள்ளூராட்சி வட்டாரம் ஒண்டு, 76ம் ஆண்டுத் தேர்தல் தொகுதி ஒண்டு. இதெல்லாம் ஒண்டுக்குள்ள ஒண்டு வடிவா அடங்கி இருக்கும் எண்டு நினைக்காதேங்கோ. நல்லூரைப் பாருங்கோ. கந்தசுவாமி கோயில் இருக்கிறது மாநகர சபை எல்லைக்குள்ள, அதே நேரம் நல்லூர் டீஎஸ் பிரிவுக்குள்ள, நல்லூர் பிரதேச சபை எண்டு வேற சபை இருக்கு, கோயில் அதுக்குள்ள இல்லை. தீவகத்தில ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு, காரைநகர் எண்டு நாலு டீஎஸ் பிரிவு, நாலு பிரதேச சபை. ஆனா "தீவகம்" எண்டு கூட்டத்தில கதைக்கேக்க ஒருத்தர் நாலையும் சேத்துச் சொல்லுவார், இன்னொருத்தர் காரைநகரை விட்டிட்டுச் சொல்லுவார், பாதிச் சண்டை அதாலதான்.

அதுக்கு ஒரே மருந்து ஜீஎஸ் பிரிவு இலக்கம். யாழ் மாவட்டத்தில 435 ஜீஎஸ் பிரிவு, ஜே/1 எண்டு நெடுந்தீவில தொடங்குது. கடிதத்தில ஊர்ப் பேரை மட்டும் எழுதினா அந்த ஊர் எங்க தொடங்கி எங்க முடியுது எண்டு வாசிக்கிற ஆளுக்குத் தெரியாது, எங்களுக்கே தெரியாது, ஒரு குச்சொழுங்கைக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர் அந்தப் பக்கம் இன்னொரு ஊர் எண்டு காலாகாலமாச் சண்டை பிடிக்கிற சனம் நாங்கள். ஜே இலக்கத்தைப் போட்டா சண்டையில்லை. ஒவ்வொரு இலக்கத்துக்கும் பக்கத்தில சனத்தொகை எத்தினை, பதிஞ்ச வாக்காளர் எத்தினை எண்டு ரெண்டு நிரல். ஒரு அலுவலகத்தில இந்தக் கணக்கைக் கேக்கப் போக "இதெல்லாம் வெளியில குடுக்கிறதில்லை" எண்டு திருப்பி அனுப்பினவை, கோபம் வந்ததுதான், ஆனா பிரதேச செயலகங்கள் வருசா வருசம் புள்ளிவிபரக் கையேடு போடுறவை, விதானையாரிட்டயும் தன்ர பிரிவுக் கணக்கு இருக்கும், அதுகளை வச்சே ஒப்பேத்தினனாங்கள். இப்ப தகவல் அறியும் சட்டம் இருக்கு, 2016ம் ஆண்டுச் சட்டம், எழுத்தில கேட்டா எழுத்தில பதில் தரத்தான் வேணும். காலம் குறைவா இருக்கேக்க அதை நம்பி இருக்க ஏலாது, அதால இப்பவே கேட்டு எடுத்து வைக்கிறது புத்தி.

கணக்கைக் கூட்டினோண்ணைதான் எங்கட நிலைமை விளங்கினது. மாகாண சபையில யாழ் மாவட்டத்துக்கு 16 ஆசனம், பாதி தொகுதி எண்டா எட்டு. 2012 குடிசன மதிப்பீட்டில மாவட்டச் சனத்தொகை 5 லட்சத்து 83 ஆயிரம் சொச்சம், எட்டால பிரிச்சா ஒரு தொகுதிக்கு 73 ஆயிரமளவில. தீவகத்தின்ர நாலு டீஎஸ் பிரிவையும் கூட்டினாலும் அதுக்குக் கிட்டவும் போகேல்லை. அண்டைக்கு இரவு கூட்டத்தில இருந்த முகங்களைப் பாத்தா, செத்த வீட்டில இருக்கிற மாதிரி.

இதிலதான் காரைநகர்ப் பிரச்சினை வந்தது, இதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லோணும், ஏனெண்டா எல்லை எண்டா என்னெண்டு எனக்கு வடிவா விளங்கினது இதிலதான். எங்களுக்குத் தொகை வேணும், அதால காரைநகரைச் சேத்து "முழுத் தீவகமும் ஒரு தொகுதி" எண்டு எழுதுவம் எண்டு கன பேர் சொன்னவை. மாஸ்டர் மறிச்சார். "அவையைக் கேக்காமல் அவையின்ர ஊரை நாங்கள் எழுதக் கூடாது." சரியெண்டு அங்க ரெண்டு மூண்டு பேரோட கதைக்கப் போனனாங்கள். அவையின்ர பக்கம் நியாயம் இருந்தது. பொன்னாலைப் பாலத்தால ஏறினா அவைக்கு வலிகாமம்தான் கிட்ட, சந்தை, பஸ், பள்ளிக்கூடம், சம்பந்தம் கலக்கிறது எல்லாம் அந்தப் பக்கம்தான் கூட. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில பாதை, அதாவது ஆக்களையும் வாகனத்தையும் ஏத்துற மிதவை, ஓடினா சொட்டு நேரத்தில அங்கால கரை, ஓடாட்டி வேலணை, பண்ணை, யாழ்ப்பாணம், வட்டுக்கோட்டை எண்டு குடாநாட்டுக்குள்ளால முழுசாச் சுத்தோணும். அதில ஒரு அக்கா கேட்டா, "உங்களுக்குக் கணக்கு நிரப்ப நாங்கள் வேணும், பிறகு எங்களுக்கு ஒரு ஒழுங்கை போட ஆரிட்டப் போறது, வேலணைக்கோ?" அதுக்குப் பதில் எங்களிட்ட இல்லை.

கடைசியாக் கடிதத்தில ரெண்டு தெரிவு எழுதினனாங்கள். முதலாவது, ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு மூண்டு டீஎஸ் பிரிவும் சேந்து ஒரு தொகுதி, தொகை குறைவெண்டாலும் கடலைக் கருதித் தரச்சொல்லி. அது ஏலாதெண்டா ரெண்டாவது, காரைநகரும் சேத்து, ஆனா காரைநகர்ச் சனத்தைத் தனியாக் கேட்ட பிறகுதான் எண்டு. அவையும் தங்கட பக்கத்தில ஒரு கடிதம் அனுப்பினவை, எங்கட கடிதமும் அவையின்ர கடிதமும் ஒண்டையொண்டு வெட்டேல்லை. பக்கத்து ஊரோட கதைக்காமல் அனுப்பினா ரெண்டு ஊரும் எதிரும் புதிருமா எழுதும், குழு ரெண்டையும் ஓரமா வச்சிட்டுத் தான் நினைச்ச கோட்டைக் கீறும். நான் ஆருக்கும் முதல் சொல்லுற புத்தி இதுதான்.

தொகை குறைஞ்ச தொகுதி கேக்கிறதுக்கு என்ன நியாயம் எண்டதுக்கு எங்களிட்ட ஒரு பழைய ஆதாரம் இருந்தது. சோல்பரி அரசியலமைப்புக் காலத்தில 75 ஆயிரம் பேருக்கு ஒரு ஆசனம், அதோட ஒவ்வொரு 1000 சதுர மைலுக்கும் ஒரு ஆசனம் எண்டுதான் மாகாணங்களுக்குப் பிரிச்சவை. ஆக்களை மட்டும் எண்ணேல்லை, நிலத்தையும் எண்ணினவை. சனம் ஐதான இடத்துக்கும் ஒரு வாய் இருக்கோணும் எண்ட யோசினை இந்த நாட்டுக்குப் புதுசில்லை எண்டு அதை வச்சு ஒரு பந்தி எழுதினது. முதல் வரைவில ஊரில ஒருத்தர் எழுதித் தந்தது நாலு பக்கம், பக்கம் முழுக்கத் தீவகத்தின்ர பெருமை, கோயில், கல்வி, பெரிய மனிசர் எண்டு. அவருக்கு மனம் நோகாமல் அதை ஒரு பந்தியாச் சுருக்கினது மாஸ்டரின்ர கெட்டித்தனம். குழுவுக்கு வேண்டியது எங்க கோடு போகோணும், ஏன், அப்பிடிப் போனா பக்கத்துத் தொகுதிக்கு என்ன நடக்கும் எண்ட மூண்டும்தான். மூண்டாவதைத்தான் எல்லாரும் விடுறது. எங்களைத் தனியா விட்டா மிச்ச ஏழு தொகுதிக்கும் தொகை கூடும், எவ்வளவு கூடும் எண்டு நாங்களே கணக்குப் போட்டுக் காட்டினனாங்கள்.

லண்டனில இருக்கிற பெரியம்மாவின்ர மகள், அக்கா எண்டுதான் கூப்பிடுறது, அவ இருக்கிறது ஸ்ட்ரட்ஃபோர்ட் பக்கம். அங்கையும் பிறகு பிரித்தானியப் பாராளுமன்றத்தின்ர தொகுதி எல்லையைத் திருத்த இதே வேலை நடந்தது. 2021ல தொடங்கி 2023 யூன் மட்டும் மூண்டு தரம் சனத்திட்டக் கருத்துக் கேட்டவை, முதல் தரம் எட்டுக் கிழமை. இணையத்தில மப், உங்கட வீட்டு போஸ்ட் கோட்டை அடிச்சா பழைய கோடும் புதுக் கோடும் தெரியும், அதிலயே கருத்தைப் போடலாம், மற்றவை போட்டதையும் பிறகு எல்லாரும் வாசிக்கலாம். அதில வந்ததுதான் ஸ்ட்ரட்ஃபோர்ட் அன்ட் போ எண்ட புதுத் தொகுதி, லீ ஆற்றுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு வேற உள்ளூராட்சிச் சபையின்ர ஆக்களை ஒண்டாச் சேத்தது. 2024 யூலையில அதில வெண்டது உமா குமரன், எங்கட சனத்தின்ர பிள்ளை, இஞ்ச எல்லாருக்கும் தெரியும். அக்கா சொன்னது, ஆத்துக்கு அங்கால இருக்கிற சனத்தோட தங்களுக்கு ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை எண்டு கன பேர் எழுதினவை, ஆனா அங்க சட்டம் இறுக்கம், ஒரு தொகுதியில 69,724க்குக் குறையாமலும் 77,062க்கு மேல போகாமலும் வாக்காளர் இருக்கோணும், அதுக்குள்ள நிண்டுதான் எதையும் மாத்தலாம்.

ஆனா அந்த இறுக்கமான சட்டத்திலயும் தீவுக்கு விலக்கு இருக்கு. வைற் தீவுக்கு ரெண்டு தொகுதி, வேல்சில ஆங்கிள்சி தீவுக்கு ஒண்டு, ஸ்கொட்லாந்தில ஓர்க்னி ஷெட்லண்டுக்கு ஒண்டு, மேற்குத் தீவுகளுக்கு ஒண்டு. அந்த மேற்குத் தீவுத் தொகுதியில வாக்காளர் 21 ஆயிரமளவில, விலக்கில்லாத தொகுதிகளில குறைஞ்சது 70 ஆயிரமளவில. கடலைத் தாண்டிக் கணக்கு நிரப்ப வேண்டாம் எண்டு பாராளுமன்றமே சட்டத்தில எழுதி வச்சிருக்கு. இதை அக்கா ஃபோனில சொல்ல எனக்கு மயிர் கூச்செறிஞ்சது, நாங்கள் மேசையில மப்பை விரிச்சு வச்சுக் கேட்டதும் இதைத்தானே. இனி எங்கட பாராளுமன்றத்துக்குக் கலப்பு முறை வந்து தொகுதி பிரிக்கிற நாள் வந்தா, கடல் விலக்கு எண்ட வசனம் சட்டத்துக்குள்ளயே வரோணும், குழு வந்த பிறகு கெஞ்சிக்கொண்டு நிக்கக் கூடாது. அதைக் கேக்கவேண்டியது சட்டமூலம் வாற நேரம், எங்கட எம்பிமாரிட்ட.

எங்கட கடிதத்துக்கு என்ன நடந்தது எண்டா, 2018 பெப்ரவரியில குழு அறிக்கையைக் குடுத்தது. அந்த வருசம் ஓகஸ்ட் 24 பாராளுமன்றத்தில வாக்கெடுப்பு, எதிர்த்து 139, ஆதரவா ஒண்டும் இல்லை. கொண்டு வந்த அரசாங்கமே எதிர்த்து வாக்களிச்சது. பிரதமர் தலைமையில மீளாய்வுக் குழு எண்டிச்சினம், ரெண்டு மாசம் எண்டிச்சினம், அதோட சரி. 2013 செப்ரெம்பரில தெரிவு செய்த வட மாகாண சபையின்ர காலம் 2018 ஒக்டோபரில முடிஞ்சுது, அதுக்குப் பிறகு சபையே இல்லை. எனக்கு அதில பெரிய ஆத்திரம், இண்டைக்கும் ஆத்திரம். எங்கட மாதிரி நாடு முழுக்க எத்தினை ஊர் எத்தினை இரவு முழிச்சிருந்து எழுதியிருக்கும். எல்லை சரியில்லை எண்டா திருத்தியிருக்கலாம், எல்லையைச் சாட்டி ஒரு மாகாணத்தின்ர வாக்குரிமையை இத்தினை வருசம் மறிச்சு வச்சது அநியாயம்.

எண்டாலும் கடிதம் வீண் போகேல்லை. 2018 பெப்ரவரி 10 உள்ளூராட்சித் தேர்தல் புது வட்டாரத்தில நடந்தது, 60க்கு 40 கலப்பு முறை, வட்டாரம் எதில தொடங்குது எதில முடியுது எண்டு கேட்டு வந்த சனத்துக்கு எங்கட ஜே இலக்கப் பட்டியல்தான் கை குடுத்தது. வேட்பாளர்மார் சிலரே வந்து ஃபோட்டோ கொப்பி எடுத்துக்கொண்டு போனவை. பேந்து 2022 கடைசியில வட்டாரத் தொகையைக் குறைக்க மகிந்த தேசப்பிரிய தலைமையில குழு போட்ட நேரம் பழைய ஃபைலைத் தூக்கி, இலக்கத்தைப் புதுப்பிச்சு, போட் நேரத்தைத் திரும்பக் கேட்டு எழுதி அனுப்பினனாங்கள், முதல் தரம் கிழமைக் கணக்காப் போன வேலை இந்த முறை கெதியா முடிஞ்சுது.

அதால ஊர்ச் சங்கங்களுக்கு நான் சொல்லுறது, குழு வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ, ஃபைலை இப்பவே தொடங்குங்கோ. உங்கட ஜீஎஸ் பிரிவு இலக்கம், பக்கத்துப் பிரிவுகளின்ர இலக்கம், சனத்தொகை, வாக்காளர் தொகை, வாக்குச் சாவடி எங்க, அதுக்கு நடந்து போற தூரம், மாரியில வெள்ளம் நிக்கிற ரோட்டு எது, கடைசி பஸ் எப்ப. மப்பில கோட்டை நீங்களே கீறி இணையுங்கோ, பேனையால கீறினாலும் காணும், ரோட்டு, வாய்க்கால், கடல் எண்டு கண்ணால காணக்கூடிய ஒண்டில கோடு போகட்டும், ஆரின்ரயும் வேலிக்குள்ளால கொண்டுபோகாதேங்கோ. அனுப்பிறதைப் பதிவுத் தபாலில அனுப்பி ரசீதைக் கடிதக் கொப்பியோட பின் அடிச்சு வையுங்கோ. கையெழுத்து வாங்கேக்க ஒரு கட்சி ஆக்களிட்ட மட்டும் வாங்கினா அது கட்சிக் கடிதமாப் போயிடும், கோயில், கடற்தொழிலாளர் சங்கம், மாதர் சங்கம், விளையாட்டுக் கழகம் எல்லாரிட்டயும் வாங்குங்கோ. எங்கட கடிதத்தில பிள்ளைத்தாச்சிப் பெண்ணைக் கடல் கொந்தளிப்பில எப்பிடிக் கொண்டுவாறது எண்ட பந்தி மாதர் சங்கத்து ஆக்கள் சொல்லித்தான் வந்தது, ஆம்பிளையள் நாங்கள் எட்டுப் பேர் மப்பைச் சுத்தி நிண்டும் அது ஒருத்தருக்கும் ஓடேல்லை.

வாக்காளர் இடாப்பும் இதில சேந்ததுதான். வருசா வருசம் விதானையார் கொண்டு வாற படிவத்தைச் சும்மா எடுக்காதேங்கோ. ஊரில வசிக்கிற பிள்ளைக்கு 18 ஆச்செண்டா பேர் ஏறிச்சோ எண்டு பாருங்கோ, தேர்தல் ஆணைக்குழுவின்ர இணையத்தளத்தில அடையாள அட்டை இலக்கத்தை அடிச்சாலே தெரியும், இல்லையெண்டா இடாப்பைக் காட்சிக்கு வைக்கிற காலத்தில உரிமை கோரலாம். தீவகத்தில வீட்டைத் திருத்தி ஊரோட வந்து இருக்கிற சில குடும்பங்கள் இன்னும் யாழ்ப்பாண நகர விலாசத்திலயே பதிஞ்சு வச்சிருக்கினம், பள்ளிக்கூடத்துக்காக எண்டு சொல்லுவினம், எனக்கு விளங்குது. ஆனா உண்மையா ஊரில இருக்கிறவை ஊரில பதிஞ்சாத்தான் எங்கட நிரலில அந்த இலக்கம் ஏறும். ஊரில இல்லாத ஆளைப் பதியச் சொல்லி நான் கேக்கேல்லை, அது சட்டப்படி பிழை, பேந்து இடாப்புத் திருத்தத்தில வெட்டுப்பட்டுப் போகும், எங்கட மற்ற இலக்கங்களையும் சனம் நம்பாது.

எங்கட கடிதத்தின்ர கொப்பியும் ஜே இலக்கப் பட்டியலும் வாசிகசாலை அலுமாரியில இருக்கு. அனலைதீவு, எழுவைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆக்கள் ஆரும் தங்கட ஊருக்குத் தனியா எழுத வெளிக்கிட்டா வந்து கொப்பி எடுங்கோ, போட் நேரங்களை மட்டும் உங்கட துறையில திரும்ப ஒருக்காக் கேட்டு மாத்திப் போடுங்கோ, எங்களிட்ட இருக்கிறது 2022 நேரம்.